லேட்டாக வரச் சொல்லி ஒரு மனு

பஸ் சீக்கிரம் வரவில்லை என்று மனு கொடுத்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. பஸ்ஸைக் கொஞ்சம் லேட்டாக வரச் சொல்லுங்கள் என்று மனு கொடுத்தவர் ஒரே ஒருவர்தான்.

2007ஆம் வருடம் என்று நினைக்கிறேன். கடலூரில், பஸ்களுக்கு நேரம் வகுத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் நான் உதவியாளராக இருந்தேன். ஒரு பஸ் ஓட வேண்டுமென்றால் பர்மிட் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த பர்மிட்டோடு ஒரு தாளும் உண்டு. எந்த ஊரில் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வர வேண்டும், எத்தனை நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்று அதில் இருக்கும். அரசு பஸ்ஸுக்கும் அதுதான், தனியார் பஸ்ஸுக்கும் அதுதான். ஒருவர் தன் பஸ்ஸை இரண்டு நிமிடம் முன்னால் நகர்த்தக் கேட்டால் அவருக்கு முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் ஆட்சேபம் எழுதுவார்கள். எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசி முடிப்பதற்குப் பெயர் டைமிங் மீட்டிங். அந்த மீட்டிங்குகளுக்கான ஃபைல்கள் என் மேசையில்தான் பிறக்கும், என் பீரோவில்தான் தூங்கும்.

கணக்கில் பட்டம் வாங்கியிருந்ததால் என்னை அந்த செக்‌ஷனில் போட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் மீட்டிங் என்றால் மட்டும் கை வேர்க்கும். பஸ் முதலாளிகள் பேசும்போது அறையே அதிரும். நான் ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எழுதுவேன். இரண்டு வருடத்தில் நான் அந்த அறையில் பேசிய ஒரே வார்த்தை "கையெழுத்து, சார்" என்பதுதான்.

அந்த மனுவோடு அந்தம்மா வந்தது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். முப்பத்தைந்து வயது இருக்கும். ஆலப்பாக்கத்துக்காரர். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நாலாக மடித்த ஒரு முழுத்தாளை என் முன்னால் விரித்தார். கீழே பாதித் தாளுக்குக் கையெழுத்துகள். பச்சை, நீலம், கறுப்பு, இரண்டு கைநாட்டு.

"பஸ் விடச் சொல்லி மனுவாம்மா?" என்றேன்.

"இல்ல மேடம். பஸ் இருக்குது. நாலு பஸ் இருக்குது. நாலும் ஒண்ணா வருது, ஒண்ணா போவுது. எங்களுக்கு அஞ்சரைக்கு சைரன் அடிக்கும். கார்டுல பஞ்ச் பண்ணிட்டு ரோட்டுக்கு ஓடி வர்றதுக்குள்ள நாலும் போயிடுது. அப்புறம் ஆறேகாலுக்குத்தான் அடுத்தது. அதுவும் பொதபொதன்னு ரொம்பிதான் வருது, நிக்கறதே இல்ல."

"சரி. இன்னொரு பஸ் வேணும்னு எழுதியிருக்கீங்களா?"

"இன்னொன்னு எதுக்கு மேடம்? அந்த நாலுல ஒண்ண மட்டும் கொஞ்சம் லேட்டா வரச் சொல்லுங்க. போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் மனுவைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. "சிரிச்சிட்டே மறந்துடாதீங்க மேடம்," என்று சொல்லிவிட்டு, பதிவு நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனார்.

அப்போது அந்தப் பாதையில் ரயில் கிடையாது. மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்து அகலப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் காலையிலும் மாலையிலும் ரயிலில் போய்க்கொண்டிருந்த அத்தனை பேரும் பஸ்ஸுக்கு வந்துவிட்டார்கள். என் கணவரும் அதில் ஒருவர். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளர். நாங்கள் முதுநகரில் குடியிருந்தோம். தினமும் சாயங்காலம் சட்டை கசங்கி, தலை கலைந்து வீட்டுக்குள் வந்ததும் அவர் சொல்லும் முதல் வாக்கியம், "உங்க ஆபீஸ் டைமிங் பிரமாதம்" என்பதாக இருக்கும். என்னவோ நான்தான் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டியதுபோல.

மனுவை அதிகாரியிடம் கொண்டுபோனேன். எங்கள் அதிகாரி ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தவர், கோபமே வராதவர். தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நாலே முக்கால், நாலு அம்பத்தஞ்சு, அஞ்சு அஞ்சு, அஞ்சே கால். பத்து பத்து நிமிஷத்துல கடலூர் பஸ் ஸ்டாண்ட விட்டு எடுக்கறான். இருவது நிமிஷத்துல சிப்காட். அப்ப கடைசி பஸ்ஸு அஞ்சு முப்பத்தஞ்சுக்குத்தானே அங்க வரணும்? பேப்பர்ல சரியாத்தானே இருக்கு?"

"பேப்பர்ல சரியா இருக்கு சார்."

"அப்புறம்?"

"ரோட்ல எப்படி இருக்குன்னு நான் ஒரு வாரம் போய்ப் பாக்கட்டுமா சார்?"

இதை எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "போய்ட்டு வா. ஆபீஸ்னு சொல்லிக்காத. சொன்னா அன்னிக்கு மட்டும் ஒழுங்கா ஓட்டுவான்," என்றார்.

அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "உங்க பேப்பர்ல இருக்கற பஸ்ல ஏறுனா உக்கார எடம்கூட கெடைக்கும். நீ ரோட்ல வர்ற பஸ்ல ஏறிப் பாரு," என்றார்.

மறுநாள் நாலரை மணிக்கே பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். கையில் ஒரு சின்ன நோட்டு, பேனா, வாட்ச். முதலில் கிளம்பியது அரசு பஸ். சரியாக நாலே முக்கால். எனக்குப் பெருமையாக இருந்தது. அது நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று, கூட்டத்தை ஏற்றி, இறக்கிப் போனதில் சிப்காட்டுக்கே நாற்பது நிமிடம் ஆனது. நான் அதில் போய்விட்டு எதிர் பஸ்ஸில் திரும்பி வந்தேன். அடுத்த நாள் அஞ்சு அஞ்சு பஸ். அது பச்சை நிறத் தனியார் பஸ். பஸ் ஸ்டாண்டை நேரத்துக்கு விட்டது. ஆனால் வெளியே வந்ததும் ஓட்டம் நடையாக மாறிவிட்டது. டிரைவர் முதல் கியரில் உருட்டிக்கொண்டே போனார். கண்டக்டர் படியில் தொங்கியபடி, "சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், செதம்பரம்" என்று கடைவீதியில் உள்ள ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக் கூவினார். முதுநகரில் பஸ் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. யாருக்காக நிற்கிறது என்று எட்டிப் பார்த்தேன். யாருக்காகவும் இல்லை. டிரைவர் சைடு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்ததும் பஸ்ஸுக்கு உயிர் வந்தது. பின்னால் வந்தது அஞ்சே கால் பஸ். அதன் பிறகு சிப்காட் வரைக்கும் இரண்டும் போட்ட போட்டியில் நான் நோட்டில் எழுதிய எண்களை எனக்கே படிக்க முடியவில்லை. வழியில் முன்னால் போன இரண்டு பஸ்களையும் பிடித்துவிட்டார்கள். நாலும் ஒன்றன் பின் ஒன்றாக சிப்காட் நிறுத்தத்தைத் தாண்டியபோது என் வாட்சில் அஞ்சு இருபத்தேழு. சைரனுக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

அந்தம்மா சொன்னது அப்படியே உண்மை. ஒரு எழுத்து கூட்டிச் சொல்லவில்லை.

நான் இறங்கிக்கொண்டேன். அஞ்சரைக்கு சைரன் அடித்தது. அஞ்சு முப்பத்தைந்துக்கு ரோட்டோரம் பெண்களால் நிறைந்தது. சாப்பாட்டுக் கூடைகளும் குடைகளுமாக நின்றார்கள். சிலர் அங்கேயே உட்கார்ந்து பூக்கட்ட ஆரம்பித்தார்கள். தினசரிப் பழக்கம் என்பது அதைப் பார்த்ததுமே தெரிந்தது. ஆறு பத்துக்கு அடுத்த பஸ் வந்தது, பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு போனது. மீதிப் பேரோடு நானும் நின்றேன். என் மனுக்காரம்மா என்னை அடையாளம் கண்டு, "நீங்க எங்க மேடம் இங்க? நம்பர் போட்டுக் குடுத்துட்டு ஆபீஸ்லயே உக்காந்திருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றார். பக்கத்தில் நின்றவர்கள் வேர்க்கடலை கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது என் கணவர் எனக்கு முன்னால் வந்து சோறு வடித்திருந்தார்.

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. நான் ஏறாத பஸ்களின் நேரத்தை நிறுத்தங்களில் கேட்டுக் குறித்துக்கொண்டேன். பச்சை பஸ்ஸில்தான் அதிக நாள் ஏறினேன். கண்டக்டருக்கு நாற்பது வயது இருக்கும். தடித்த மீசை, அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். நாலாவது நாள் டிக்கெட் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க டெய்லி ஏறுறீங்க. சிப்காட்ல எறங்குறீங்க. எதிர் வண்டில திரும்பிப் போயிடுறீங்கன்னு அந்த வண்டிக்காரன் சொல்றான். நோட்டுல என்னமோ எழுதுறீங்க. வூட்ல எதுனா பிரச்சனையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க," என்றேன்.

"இல்லன்னா சரி. மனசு சரியில்லன்னா செதம்பரம் வரைக்கும் வாங்க. நடராசரப் பாத்துட்டுத் திரும்பிடலாம். முன்சீட்டு போட்டுத் தர்றேன்."

அவ்வளவு கரிசனமாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பின்னால் இருந்து பார்த்தவர்களுக்கு நான் அழுவதுபோல் இருந்திருக்க வேண்டும். ஒரு பாட்டி என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பெரிய கிராஃப் தாள்களை ஒட்டி, சமையலறைத் தரையில் விரித்தேன். குறுக்கே நேரம். நெடுக்கே நிறுத்தங்கள். கடலூர் பஸ் ஸ்டாண்ட், முதுநகர், சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், கடைசியில் சிதம்பரம். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா. முதலில் பேப்பரில் உள்ள நேரத்தை வைத்துக் கோடுகளை வரைந்தேன். அழகாக, சம இடைவெளியில், பக்கத்துப் பக்கத்தில் சாய்ந்து போயின. இன்னொரு தாளில் என் நோட்டில் இருந்த நேரங்களை வைத்து வரைந்தேன். முதுநகரில் ஆரம்பித்து சிப்காட்டுக்குள் நாலு கோடும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டன.

என் கணவர் டம்ளரோடு வந்து மேலிருந்து பார்த்தார். "இது இன்னா, ஜடை பின்னி வச்சிருக்க?" என்றார். பிறகு கீழே உட்கார்ந்து சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்தார். லேப்காரர் இல்லையா, கோடு கொஞ்சம் கோணினாலும் பொறுக்க மாட்டார். அன்றைக்கு நாங்கள் குழம்பு வைக்கவில்லை. ஊறுகாயோடு சாப்பிட்டோம்.

அடுத்த டைமிங் மீட்டிங்குக்கு அந்தப் பாதையில் ஓட்டுகிற எல்லோரையும் அதிகாரி வரச் சொன்னார். அரசு பஸ் டிப்போவில் இருந்து ஒரு மேலாளர் வந்தார். சின்ன முதலாளிகள் சிலர் வந்தார்கள். பச்சை பஸ் முதலாளியும் சிவப்பு பஸ் முதலாளியும் வந்து, நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள்.

இவர்கள் இருவரைப் பற்றி அலுவலகத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பச்சைக்காரர் கட்டிக்கொண்டது சிவப்புக்காரரின் அக்காவை. பச்சை மாமாவும் சிவப்பு மச்சானும் ஒரு காலத்தில் ஒரே பஸ்ஸைச் சேர்ந்து ஓட்டினார்கள். பிறகு மச்சான் தனியாக ஒரு பஸ் வாங்கினார். மாமாவும் போய் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, வாழ்த்திவிட்டு வந்தார். அன்றைக்கே, பூஜை போட்ட முதல் டிரிப்பிலேயே, மச்சானின் பஸ் ஆலப்பாக்கத்துக்கு முன்னால் மாமாவின் பஸ்ஸை ஓவர்டேக் செய்துவிட்டது. அத்தோடு பேச்சு நின்றது. நாலு வருடமாக அக்கா மட்டும் இரண்டு வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

மீட்டிங் எப்போதும்போல் தொடங்கியது.

"சார், எனக்கு முன்னால போற வண்டி முதுநகர்ல உருட்டிக்கிட்டே போவுது. ஆளுங்கள எல்லாம் வழிச்சிக்கிட்டுப் போயிட்டா எனக்கு இன்னா இருக்கும்? அத மட்டும் அவருகிட்ட கேட்டுச் சொல்லுங்க," என்றார் மச்சான்.

"சார், பின்னால வர்ற வண்டி என் முதுவுல மூக்க வச்சிக்கிட்டு வந்தா நான் எங்க நிறுத்தி ஏத்துறது? அத அவுங்கள கேட்டுச் சொல்லுங்க," என்றார் மாமா.

"அவர் உங்களுக்கு ரெண்டடி தள்ளி உக்காந்திருக்கார். நீங்களே கேளுங்களேன்," என்றார் அதிகாரி.

"பேச்சுவார்த்த இல்ல சார்," என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அந்தச் சார்ட்ட மாட்டு."

நான் எழுந்து இரண்டு தாள்களையும் சுவரில் ஒட்டினேன். செல்லோ டேப் என் விரலில் ஒட்டிக்கொண்டது. திரும்பினேன். பத்துப் பதினைந்து முகங்கள். வாசலில் தன் முதலாளியின் ஃபைலோடு நின்றிருந்தார் மீசைக்கார கண்டக்டர். என்னைப் பார்த்ததும் அவர் வாய் திறந்தது.

"அட அக்கா! ஆபீசா நீங்க?"

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "நான் இவுங்கள செதம்பரத்துக்கு சாமி கும்பிடக் கூப்பிட்டேன் சார்," என்று அவர் பயந்துபோய் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது என் நாக்கு இருந்த இடத்துக்கு வந்திருந்தது.

"இது நம்ம பேப்பர்ல ஓடுற பஸ்ஸுங்க," என்று முதல் தாளைக் காட்டினேன். "இது ரோட்ல ஓடுற பஸ்ஸுங்க." மாமா எழுந்து கிட்டே வந்து பச்சைக் கோட்டைத் தேடினார். மச்சானும் எழுந்து வந்தார், அடுத்த பக்கமாக. நான் ஒவ்வொரு நாளாக, ஒவ்வொரு நிறுத்தமாகச் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை. நான் ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் பேசியதுபோல் இருந்தது.

"சரிம்மா, இப்ப இன்னா செய்யணும்ங்கற?" என்றார் டிப்போ மேலாளர்.

"முதுநகர்ல ஒரு நடு டைமிங் வைக்கணும் சார். அந்த நேரத்துக்கு முன்னால வந்துட்டா நின்னு போகணும். லேட்டா வந்தா ஆள் புடிக்க நிக்கக்கூடாது. அப்புறம், அஞ்சே கால் பஸ்ஸ அஞ்சு நிமிஷம் தள்ளி எடுக்கணும். அஞ்சு நாப்பதுக்கு அது சிப்காட்ட தாண்டணும்."

"லேட்டா எடுக்கறதா?" மச்சான் கொதித்துவிட்டார். "எம் பஸ்ஸையா? நான் இன்னா தப்பு செஞ்சேன் சார்? அவரு பஸ்ஸத் தள்ளுங்க!"

"எம் பஸ்ஸ எதுக்குத் தள்ளணும்?" என்றார் மாமா, அதிகாரியைப் பார்த்து.

அதிகாரி மணியை அடித்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுக்காரம்மாவை உள்ளே வரச் சொன்னார். அவரை வரவழைத்திருந்தது எனக்கே தெரியாது. அந்தம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நின்றார். ஒருவருக்கும் பயப்படவில்லை.

"நாங்க எங்க கம்பெனில மட்டும் ஒரு பஸ்ஸு ஆளு இருக்கோம். பக்கத்து கம்பெனிங்கள்ல அதவிட ஜாஸ்தி. அஞ்சு முப்பத்தஞ்சுலேர்ந்து அந்த ரோட்லதான் நிக்கறோம். நீங்க கடைத்தெருவுல ஒவ்வொருத்தரா கூவிக் கூவிப் புடிக்கறீங்க. நாங்க மொத்தமா நின்னுகிட்டு கைய ஆட்டறோம். எங்களுக்கு முன்னாலயே ஓடிடறீங்களேப்பா!"

மாமா சார்ட்டில் சிப்காட் என்று எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். மச்சானும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றார் மாமா மெதுவாக. "நான் வேணா லேட்டா வர்றேன்."

"அது எப்பிடி?" என்று துள்ளினார் மச்சான். "அஞ்சே கால் பர்மிட் என்னுது. லேட்டா வர்றதுன்னா நான்தான் லேட்டா வருவேன்."

"பெரியவன் நான் விட்டுக் குடுக்கறேன்னு சொல்றேன் சார்."

"விட்டுக் குடுக்க வேணாம்னு சொல்லுங்க சார்!"

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முன்னால போறதுக்கு அடிச்சிக்கறதப் பாத்தே எனக்கு தல நரச்சிடுச்சி. பின்னால வர்றதுக்கு அடிச்சிக்கறத இன்னிக்குத்தான்யா பாக்கறேன்," என்றார்.

ஒரு மணி நேரம் பேசி முடிவானது இதுதான். ஒரு வாரம் பச்சை பஸ் அஞ்சு இருபதுக்கு எடுக்கும், மறு வாரம் சிவப்பு பஸ். முதுநகரில் நடு டைமிங். ஒரு மாதம் சோதனை. சரியாக வந்தால் நிரந்தர உத்தரவு. மாமாவின் ஆள் சரியாக நேரம் பார்ப்பான் என்று மச்சான் நம்பவில்லை, மச்சானின் ஆளை மாமா நம்பவில்லை. எனவே முதுநகரில் ஒரே டீக்கடை வாசலில் இரண்டு பேர், இரண்டு நாற்காலி, இரண்டு நோட்டு.

முதல் நாள் நான் சிப்காட் நிறுத்தத்தில் போய் நின்றேன். அஞ்சு முப்பத்தொன்பதுக்குப் பச்சை பஸ் வந்தது. காலியாக வந்தது. நின்றது. ஆனால் ரோட்டோரத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. கண்டக்டர் படியில் இருந்து எட்டிப் பார்த்து, "இன்னா அக்கா, ஒருத்தரையும் காணோம்?" என்றார். டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. வாட்சைப் பார்த்தேன். நாற்பது. நாற்பத்தொன்று.

அன்றைக்கென்று சிப்காட் முழுக்கப் பாதுகாப்புப் பயிற்சி என்று எல்லோரையும் மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நாற்பத்திரண்டுக்கு டிரைவர் கியரைப் போட்டார். அப்போது கம்பெனி கேட்டுகள் திறந்தன. ஒரு கூட்டம் ஓடி வந்தது. முன்னால் எங்கள் மனுக்காரம்மா, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

"மாப்ள, இரு, இரு! போவாத!" என்று கண்டக்டர் டிரைவரிடம் கத்தி, பஸ்ஸின் பக்கத்தைப் படபடவென்று தட்டினார். அஞ்சு நாற்பத்தைந்துக்குப் பஸ் நிரம்பிக் கிளம்பியது. ஐந்து நிமிடம் தாமதம். என் நோட்டில் எழுதத்தான் வேண்டும், எழுதினேன். சந்தோஷமாகவே எழுதினேன்.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது வாரமே சிவப்பு பஸ் முதுநகரில் நிற்காமல் ஓடிவிட்டது. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்பினோம். மூன்றாவது வாரம் டீக்கடை வாசலில் நாற்காலிக்காரர்கள் இருவரும் ஒரே நிமிடத்தை இரண்டு விதமாக எழுதிச் சண்டை போட்டார்கள். இரண்டு வாட்சையும் நான் என் வாட்சோடு சரிசெய்து வைத்தேன். அதன் பிறகு அவர்கள் நண்பர்களாகி, ஒருவர் சாப்பிடப் போனால் இன்னொருவரே இரண்டு நோட்டிலும் எழுதினார் என்று கேள்விப்பட்டேன். அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மாதக் கடைசியில் உத்தரவு டைப் ஆகிக்கொண்டிருந்தபோது மாமா கையெழுத்துக்காக வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் மச்சானும் வந்தார். வேறு நாற்காலி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தலையைக் குனிந்து ஃபைலைப் படிப்பதுபோல் இருந்தேன். காது மட்டும் அங்கேதான்.

"வர்ற வாரம் யாருது?" என்றார் மாமா, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து.

"உங்களுதுதான்."

"ம்."

மாமா காலண்டரிலேயே கண்ணை வைத்து, "அக்கா மீன் கொழம்பு வச்சிருக்கா. மத்தியானம் வரச் சொன்னா," என்றார். சொன்னது அக்காவா இவரா என்று நான் ஆராயவில்லை.

"பின் டயர் மாத்தணும் மாமா. மாத்திட்டு வர்றேன்," என்றார் மச்சான்.

2010இல் அகலப் பாதையில் ரயில் திரும்ப வந்தது. பஸ்களில் கூட்டம் குறைந்தது. மூன்று வருடமாகத் திறந்தே கிடந்த ரயில்வே கேட்டுகள் மூட ஆரம்பித்தன. ஒரு கேட் மூடினால் என் கிராஃப் கோடுகள் எல்லாம் அங்கே ஒரு படிக்கட்டுபோல் மடங்கும். எல்லாப் பஸ்களுக்கும் மறுபடி நேரம் வகுத்தோம். புது அதிகாரி வந்திருந்தார். மீட்டிங்கில் என்னைப் பேசச் சொன்னபோது நான் அரை மணி நேரம் பேசினேன். அவரே கடைசியில், "போதும்மா, அவுங்களும் பேசட்டும்," என்று நிறுத்த வேண்டியிருந்தது.

ரயில் விட்ட சில வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் கணவரும் சும்மாவே சிதம்பரத்துக்கு ரயிலில் போனோம். ரயிலில் போய் எத்தனை நாளாயிற்று என்று அவர்தான் கூப்பிட்டார். புதுத் தண்டவாளத்தில் ரயில் சத்தமே இல்லாமல் போனது. ஜன்னலோரம் எனக்கு. அவர் கடையில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் ரோடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்தது. அதில் ஒரு பஸ், பாதிக்கூட்டத்தோடு, எங்களோடு கூடவே கொஞ்ச தூரம் ஓடியது.

எந்த வண்டி என்று பார்த்தேன். வாட்சைப் பார்த்தேன். கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடினேன்.

"நாலு நிமிஷம் முன்னால போறான்," என்றேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம," என்று சொல்லி ஒரு இட்லியை என் கையில் வைத்தார். சட்னி நன்றாக இருந்தது. புதுச்சத்திரம் வருவதற்குள் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டேன்.